என்னமோ செய்யுது

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, இரவு ஒன்பது மணிக்கு, என் அண்ணன் மனைவிக்கு மாரடைப்பு வந்தது. அவர் என்னிடம் வந்தார். நான் அவரை மருத்துவமனைக்கு அனுப்பவில்லை. கையை வைத்தேன். மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத்தான் அவர் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார். இடையில் போன எட்டே முக்கால் மணி நேரத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு.

நான் மதுரைக்காரி. கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். 1998-ல், கை வைத்துக் குணமாக்குவதாகச் சொல்லும் ரெய்கி முறையின் முதல் நிலை கற்றேன். அப்போதெல்லாம் ஹோட்டல் ஹால்களில் இரண்டு நாள் வகுப்பு நடக்கும். தீட்சை தருவார்கள். பிறகு 21 நாள் விடாமல் தன் உடம்பில் தானே கை வைத்துப் பழக வேண்டும். உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை 24 இடங்கள். ஓர் இடத்துக்கு மூன்று நிமிடம். மொத்தம் 72 நிமிடம். விடிகாலை நாலரைக்கு எழுந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு வந்தது. பிறகு ஒரு கதகதப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை என் உடம்பு எனக்கு ஒரு சுமை. காலையில் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் மாலையில் திரும்பக் கொண்டுவரும் ஒரு மூட்டை. மேலாளர் கூப்பிட்டால் என் தோள் இறுகுகிறது என்பதும், பொய் சொல்லும்போது என் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது என்பதும் அந்த 21 நாளில்தான் எனக்குத் தெரிந்தன. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. இன்றும் அதை மறுக்க மாட்டேன்.

தப்பு, அடுத்தவர் உடம்புக்குப் போனபோது ஆரம்பித்தது.

ரெய்கியில் பியோசென் என்று ஒரு ஜப்பானியச் சொல் உண்டு. நோயுள்ள இடத்தின்மேல் கையை வைத்தால் சூடோ குத்தலோ துடிப்போ தெரியும் என்பார்கள். ரெய்ஜி என்று இன்னொன்று. கண்ணை மூடிக் கைகூப்பி நின்று, கை எங்கே போக வேண்டும் என்று கேட்பது. பிறகு அதைப் போகவிடுவது. என் கை எப்போதும் எங்கேயாவது போகும். போன இடத்தில் ஏதாவது இருக்கும். நாற்பதைத் தாண்டிய உடம்பில் கழுத்தும் இடுப்பும் முட்டியும் வலிக்காதவர் யார்? அதை நான் யோசித்ததில்லை. "இங்கதானே வலி?" என்பேன். "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்பார்கள். இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய முகங்கள் எனக்கு நினைவில் இல்லை. ஆமாம் என்று சொன்னவர்கள் ஒருவர் விடாமல் நினைவில் இருக்கிறார்கள்.

2009-ல் என் அண்ணன் ஈரல் புற்றுநோயில் இறந்தார். கடைசி மூன்று வாரம் இரவெல்லாம் அவர் நெற்றியிலும் வயிற்றிலும் கை வைத்திருந்தேன். மருத்துவர் தந்த வலிமருந்து ஓடிக்கொண்டிருந்தது. என் கையும் இருந்தது. அவர் தூங்கினார். மதினி அதைக் கட்டில் காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்கண்ணன் கடைசியில கண்ணசந்தது ஒன் கையிலதான்" என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். கைராசிக்காரி என்று தெருவில் எனக்குப் பெயர் வந்தது. வலிமருந்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. நானும் அதைப் பற்றி யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் மாஸ்டர் நிலை முடித்து, வீட்டு மாடியில் வகுப்பு தொடங்கினேன். உடலறிவு, உள்ளுணர்வு என்று பலகையில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஹவாயோ தகாதா கதையைச் சொல்வேன். ஹவாயில் பிறந்த ஜப்பானியப் பெண். ரெய்கி ஜப்பானை விட்டு வெளியே வந்தது அவரால். 1935-ல் அறுவை சிகிச்சைக்காக டோக்கியோ போனார். மேஜையில் படுக்கவைத்துத் தயார் செய்யும்போது, இது வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாம். எழுந்து இறங்கி, சுஜிரோ ஹயாஷியின் ரெய்கி நிலையத்துக்குப் போய்க் குணமானாராம். அவரே சொன்ன கதை இது. இதை ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஹயாஷி கடற்படை மருத்துவர் என்பதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். 1922-ல் குராமா மலையில் 21 நாள் தவமிருந்து ரெய்கியைக் கண்ட மிகாவோ உசுய் நான்கே ஆண்டில், 1926-ல், பக்கவாதத்தில் இறந்தார் என்பதைச் சொல்லவே மாட்டேன். அது எனக்குத் தெரியும். வகுப்பின் சூடு குறைந்துவிடும் என்று சொல்லாமல் விட்டேன்.

மதினி கீழ்வீட்டில் இருந்தார். அண்ணன் போன பிறகு முறுக்கு, அதிரசம், சீடை போட்டு விற்றுத்தான் மகனைப் படிக்க வைத்தார். சர்க்கரை நோய் பன்னிரண்டு வருடமாக இருந்தது. நான் வாரம் இரண்டு நாள் ரெய்கி கொடுப்பேன். "உன் கை பட்டா மாத்திரையே வேணாம்போல" என்று சிரிப்பார். ஒருநாள் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டேன் என்று சொன்னார். மாத்திரையைக் குறைக்கச் சொன்னது நானில்லை என்று பல மாதம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் குறைத்தது எனக்குத் தெரியும். நான் பேசாமலிருந்தேன். அந்த வாரம் வகுப்பில் அவருக்கு மருந்து பாதியானதைப் பெருமையாகச் சொன்னேன். ஆதலால் சொன்னதற்கும் சொல்லாததற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அன்றைய இரவுக்கு வருகிறேன்.

தீபாவளி ஆர்டர். அன்று காலையிலிருந்து மதினி எண்ணெய்ச் சட்டி முன்னாலேயே நின்றிருந்தார். இரவு எட்டரை வரை எனக்கு மாடியில் வகுப்பு. எல்லோரும் போன பிறகு சாப்பிட்டுக் கையலம்பிக்கொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மதினி மேலே வந்தார். பாயில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மேல்வயிற்றைக் காட்டி, "என்னமோ செய்யுது" என்றார்.

"எரியுதா மதினி?"

"எரிச்சல் மாதிரியும் இருக்கு. அடைக்கிற மாதிரியும் இருக்கு. தெரியல. என்னமோ செய்யுது. உசுரு நிலைகொள்ளல."

நாள் முழுக்க எண்ணெய்ப் புகை. ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார். வாய்வு என்று அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். கண்ணை மூடிக் கை கூப்பினேன். என் கை அவர் மேல்வயிற்றுக்குப் போனது. போகாமல் என்ன செய்யும்? அவர்தான் அந்த இடத்தைக் காட்டியிருந்தாரே. வைத்ததும் உள்ளங்கை தகதகவென்று கொதித்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சூட்டை நான் உணர்ந்ததில்லை. "மணிபூரகம் அடைச்சிருக்கு மதினி, இப்பத்தான் திறக்குது" என்றேன். உள்ளுக்குள் எனக்கு என்ன ஓடியது தெரியுமா? அடுத்த வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும் என்று ஓடியது.

என் கையில் சூடு எதுவும் ஏறவில்லை. அவர் உடம்பு சில்லிட்டிருந்தது. ரவிக்கைக்குக் கீழே தோல் ஐஸ்தண்ணீரில் நனைத்த துணி போல ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. குளிர்ந்த தோலின்மேல் வைத்த கைக்குத் தன் சூடு பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான். ஜுரம் பார்க்கக் குழந்தையின் நெற்றியைத் தொடும் எந்தத் தாயும் அந்த இடத்தில், "ஐயோ, இப்படிச் சில்லுனு இருக்கே" என்று பதறியிருப்பாள். நான் இருபது வருடம் கையைப் பழக்கியவள். என் கையை மட்டும் கவனித்தேன். கைக்குக் கீழே இருந்தவரைக் கவனிக்கவில்லை.

72 நிமிடம் முழுதாகச் செய்தேன். நடுவில் மதினி இரண்டு தடவை சொன்னார், "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமா?" முதல் தடவை, "கொஞ்சம் பொறுங்க" என்றேன். இரண்டாம் தடவை, "என் மேல நம்பிக்கை இல்லையா மதினி?" என்றேன். இந்த வாக்கியத்தை நான் இன்னும் பலமுறை எழுத வேண்டியிருக்கும். நெஞ்சு அடைத்துக் கிடக்கும் ஒரு பெண்ணிடம் நான் கேட்டது அதுதான். அவர் உடனே, "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. வலி குறையவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்.

பத்தரைக்குக் கீழே கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். கண்ணசந்தார். திரும்பப் படியேறும்போது என் அடிவயிறு பிசைந்தது. கால் நின்றுவிட்டது. திரும்பிப் போ என்று ஒரு நிமிடம் தோன்றியது. உள்ளுணர்வு என்ற சொல்லுக்குப் பொருள் ஏதாவது இருக்குமானால், இருபது வருடத்தில் எனக்கு அது உண்மையாக வந்தது அந்த ஒரு படியில்தான். அதற்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது. அடுத்தவர் சக்தி நம்மேல் ஒட்டிக்கொண்டது என்று சொல்வோம். உப்புத் தண்ணீரில் கை கழுவினால் போய்விடும். கழுவினேன். போய்விட்டது.

ஒன்றரை மணிக்கு அண்ணன் மகன் கதவைத் தட்டினான். "அத்தை, அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது. தாடை வலிக்குதுங்கறாங்க. வண்டியெடுக்கவா?" ரெய்கி கொடுத்த பிறகு உடம்பு மோசமானால் அதைச் சுத்திகரிப்பு என்று சொல்லப் பழகியிருந்தோம். கழிவு வெளியேறுகிறது என்பது விளக்கம். நன்றாக ஆனால் ரெய்கி வேலை செய்கிறது. மோசமானாலும் ரெய்கி வேலை செய்கிறது. இப்படி ஒரு கணக்கை வங்கியில் எவன் கொண்டு வந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு என் வாயாலேயே சொன்னேன். "சுத்திகரிப்புடா. விடிஞ்சதும் சரியாயிரும். ஓமத்தண்ணி குடு." அவனுக்கு இருபத்து நான்கு வயது. எனக்கு ஐம்பத்தாறு. அவன் சரியாகச் சொன்னான். நான் தப்பாகச் சொன்னேன். அத்தை சொல்லைத் தட்டக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை கீழே இறங்கிப் போனான்.

ஐந்து மணிக்கு மதினி வாந்தி எடுத்தார். மூச்சு வாங்கியது. அவன் என்னைக் கேட்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டுவிட்டான்.

இனிமேல் சொல்லப்போவது அதைவிடக் கேவலமானது. முன்னே செய்ததை அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியாது.

அவசரப் பிரிவில் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டே மருத்துவர் கேட்டார், "எப்ப ஆரம்பிச்சது?" அண்ணன் மகன் சீட்டுப் போடப் போயிருந்தான். பக்கத்தில் நான் நின்றேன். "நாலு மணி இருக்கும் டாக்டர்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தானாகச் சொல்லவில்லை. ஒன்பது என்று சொன்னால் இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்பார். என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். யோசித்துத்தான் சொன்னேன். இதய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு மணி நேரமும் தசை செத்துக்கொண்டே போகும். மருந்து போட்டுக் கரைப்பதா, உடனே கொண்டுபோய் அடைப்பைத் திறப்பதா என்று முடிவு செய்ய அந்த நேரக் கணக்கு மருத்துவருக்கு வேண்டும். நான் பொய்க் கணக்கைக் கொடுத்தேன்.

முகமூடிக்குள்ளிருந்து மதினி தலையை அசைத்தார். வலது கையைத் தூக்கி ஐந்து விரலையும் காட்டினார். மடக்கி, நான்கு விரலைக் காட்டினார். முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, "நைட்டு" என்றார். மருத்துவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி ஓடினார்.

பிழைத்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் 35 சதவீதம் என்று வந்தது. சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்கு நரம்பு மரத்துப்போய் நெஞ்சுவலியே தெரியாமல் மாரடைப்பு வரலாம் என்றும், பெண்களுக்கு மேல்வயிற்று எரிச்சலாகவும் தாடை வலியாகவும் குளிர்ந்த வியர்வையாகவும் வரலாம் என்றும், உயிர் போகப்போகிறது போன்ற ஒரு கலக்கமே ஓர் அறிகுறி என்றும் அங்கே சொன்னார்கள். "உசுரு நிலைகொள்ளல" என்று மதினி சொன்னது நினைவுக்கு வந்தது. உடம்பை அறிவது எப்படி என்று காசு வாங்கிப் பாடம் நடத்தியவள் நான். தன் உடம்பைச் சரியாக அறிந்து, வாயைத் திறந்து சொன்னவர் முறுக்குச் சுடுகிறவர்.

அந்தத் தீபாவளி ஆர்டருக்கு வாங்கிய முன்பணம் அத்தனையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணெய்ச் சட்டியை அதற்குப் பிறகு அவர் தூக்கவில்லை. முடியாது. கால் வீங்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அண்ணன் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. தாயை விட்டுப் போக முடியாமல் விட்டுவிட்டான். இங்கே பாதிச் சம்பளத்துக்கு ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறான். ஆனால் அத்தை என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. எப்படியும் கூப்பிடாமலே பேசப் பழகிவிட்டான்.

நான் வகுப்பை நிறுத்தவில்லை. இதையும் கேளுங்கள். 2019 ஜனவரியில் பத்துப் பேர் முன்னால், மாரடைப்பு வந்த என் மதினி ரெய்கியால்தான் உயிர் பிழைத்தார் என்று சொன்னேன். ஸ்டென்ட்டைச் சொல்லவில்லை. மாடியில் பேசினால் கீழே கேட்கும் வீடு அது. மதினி கீழேதான் இருந்தார்.

என்னை நிறுத்தியது மனசாட்சி என்று சொல்ல முடியாது. ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிப் படித்தேன். எமிலி ரோசா. அமெரிக்காவில் ஒன்பது வயதில் பள்ளிக்காக ஒரு சோதனை செய்தாள். கையால் சக்தியை உணர்வதாகச் சொல்லும் 21 பேர். ரெய்கி இல்லை, அதற்குப் பங்காளி போன்ற வேறொரு முறை. தடுப்புக்குப் பின்னால் அவர்கள் இரு கைகளையும் நீட்ட, ஏதாவது ஒன்றுக்கு மேலே, தொடாமல், அவள் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேல் என்று சொல்ல வேண்டும். 44 சதவீதம்தான் சரி. காசு சுண்டினாலே பாதி வரும். அது பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆண்டு 1998. நான் தீட்சை வாங்கிய அதே ஆண்டு. ஒரு மாணவியை உட்காரவைத்து அட்டைக்குப் பின்னால் நானும் செய்து பார்த்தேன். நாற்பது தடவை. பத்தொன்பது சரி. கை கொதிக்கிறது, சந்தேகமே இல்லை என்று நான் அடித்துச் சொன்ன நான்கில் மூன்று தப்பு.

2008-ல் வந்த இன்னோர் ஆய்வையும் படித்தேன். நெடுங்காலம் தியானம் பழகியவர்கள் தங்கள் இதயத் துடிப்பைக் கண்டுகொள்வதில் மற்றவர்களை விடத் தேறியிருக்கவில்லை. ஆனால் தாங்கள் நன்றாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி எழுதியது போலிருந்தது. பலகையைக் கழற்றினேன். கடைசி வகுப்புக்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பினேன். அது பெரிய காரியமில்லை.

இன்றும் தூக்கம் வராத இரவில் என் நெஞ்சின்மேல் என் கையை வைத்துக்கொள்கிறேன். மூச்சு இறங்குகிறது. அதற்கு மேல் அந்தக் கையிடம் எதுவும் கேட்பதில்லை. மதினிக்குக் கால் பிடித்துவிடுகிறேன். மாத்திரை எண்ணி டப்பாவில் போடுகிறேன்.

என்னிடம் கற்றவர்கள் எழுபது பேருக்கு மேல் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில் பாதி எனக்கே தெரியாதது. யாராவது உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, என்னமோ செய்யுது என்று சொன்னால், கையை நீட்டாதீர்கள். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். வண்டியைக் கூப்பிடுங்கள். சுத்திகரிப்பு என்ற சொல்லை என்னிடமிருந்து வாங்கிப் போயிருந்தால் தயவுசெய்து எறிந்துவிடுங்கள்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்.

"ஒம்பது மணி இல்ல. எட்டு மணிக்கே ஆரம்பிச்சிருச்சு. நீ கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்த. அப்புறம் சாப்பிட உக்காந்த. முடியட்டும்னு நான் படியிலயே உக்காந்திருந்தேன்."